பெயரைக் கடைசியில் எழுதுங்கள்: சிலந்தி ஸ்பாட்டரில் அரியர் வைத்துத் தேறிய அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி விலங்கியலில் எனக்கு மிச்சமிருந்த ஒரே அரியர், வகைப்பாட்டுச் செய்முறைத் தேர்வு, முடிந்துவிட்டது. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம். அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு, வைவா பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு ஸ்பாட்டர் (தட்டில் வைத்த மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் கேள்வி): தெரபோசிடே, அதாவது டரான்டுலா குடும்பம்.

முதல் தடவை, ஸ்பிரிட்டில் ஊறிய, உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று வைத்திருந்தார்கள். பார்த்த நொடியில் டரான்டுலா என்று தெரிந்துவிட்டது. முதல் வரியிலேயே குடும்பப் பெயரை எழுதினேன். காரணங்களைப் படித்த படங்களிலிருந்து ஞாபகப்படுத்தி நிரப்பினேன். அதில் 'வயிற்றில் அரிப்பூட்டும் மயிர்கள் உண்டு' என்பதை அடிக்கோடிட்டு வேறு எழுதினேன். "அந்த மயிரை இதில் காட்டுப்பா" என்றார் வெளித்தேர்வாளர். காட்ட முடியவில்லை. அரிப்பு மயிர் அமெரிக்கக் கண்டங்களின் தெரபோசிடுகளுக்கு மட்டுமே, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. தட்டில் இருந்ததோ மரத்தில் வாழும் நம் நாட்டு டரான்டுலாவான பொசிலோதீரியா. குடும்பம் சரி, காரணம் தப்பு. வைவா முழுக்க அதிலேயே போய்விட்டது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் சிலந்தியைப் புரட்டிப் போடுங்கள், பெயரைக் கடைசியில் எழுதுங்கள். வேண்டிய அடையாளங்களில் பெரும்பாலானவை அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

நான் பார்க்கும் வரிசை:

- நச்சுப்பற்கள். இரண்டும் இணையாகக் கீழ்நோக்கி மடங்கினால் மைகலோமார்ஃபே (டரான்டுலாக்கள் அடங்கிய பெரும்பிரிவு) பக்கம் போங்கள். இடுக்கி மாதிரி எதிரெதிரே வந்தால் அரேனியோமார்ஃபே (வீட்டில் பார்க்கும் சாதாரணச் சிலந்திகளின் பெரும்பிரிவு).
- வயிற்றடியில் வெளிறிய திட்டுகள். நான்கு இருந்தால் இரண்டு ஜோடி புத்தக நுரையீரல் (ஏடுகள் போல அடுக்கிய மூச்சுறுப்பு), அதுவும் மைகலோமார்ஃபேயின் அடையாளம்.
- கால் நுனி. இரண்டு நகம், கூடவே அடர்ந்த மயிர்க்குஞ்சம். மூன்று நகம், குஞ்சம் இல்லை என்றால் தெரபோசிடே இல்லை.
- பின் நூற்புறுப்பின் (வயிற்றின் கடைசியில் நூல் விடும் உறுப்பு) கடைசிக் கணு. விரல் போல நீண்டிருந்தால் தெரபோசிடே. குட்டையாகக் குவிந்திருந்தால் பேரிகெலிடே என்ற இன்னொரு குடும்பம்.

இந்த நான்காவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேரிகெலிடேக்கும் இரண்டு நகமும் குஞ்சமும் உண்டு. மூன்றாவதோடு நிறுத்தினால் பாதிக் காரணம்தான் எழுதியிருப்பீர்கள். தெரபோசிடேயில் மாக்ஸில்லாவின் (வாயின் இருபுறமும் உள்ள தட்டு) முன்மூலை ஒரு தெளிவான மடலாகத் துருத்தும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'டரான்டுலா' என்ற சொல்லையும் விடைத்தாளில் பார்த்துப் பயன்படுத்துங்கள். அது இத்தாலியின் தாரந்தோ ஊரை ஒட்டி ஒரு ஓநாய்ச் சிலந்திக்கு வந்த பெயர். அந்தச் சிலந்தி லைகோசிடே குடும்பம், அரேனியோமார்ஃபே பிரிவு. வைவாவில் இங்கே பிடித்தால் நீங்கள் நேராக முதல் அடையாளத்துக்கு, பற்களுக்கு, வந்துவிடலாம்.

உட்குடும்பம் கேட்டால் பதற வேண்டாம். பொசிலோதீரியாவைச் சிலர் செலினோகாஸ்மியினேக்குள் வைத்தார்கள், சிலர் பொசிலோதீரியினே என்று தனியாகப் பிரித்தார்கள். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லி மாட்டிக்கொள்வதை விட அது பாதுகாப்பு. நான் பயந்த சுபாவம், எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவரின் பெயரைச் சுற்றும் அடைப்புக்குறிக்கும் மதிப்பெண் உண்டு. பொசிலோதீரியா ரெகாலிஸ் போகாக், 1899 என்பதில் அடைப்புக்குறி வராது. பொசிலோதீரியா ஃபாசியாட்டா (லாத்ரேய், 1804) என்பதில் வரும். இலங்கையின் அந்தச் சிலந்திக்கு லாத்ரேய் முதலில் மைகலே என்ற பேரினத்தில்தான் பெயர் வைத்தார். பேரினம் பின்னால் மாறியதால்தான் அந்தக் குறி. சைமன் பொசிலோதீரியா பேரினத்தை அமைத்தது 1885இல்.

அரியருக்குப் படித்த மாதங்களில்தான், ராமேஸ்வரத்தில் கண்டெடுத்து 2004இல் பெயரிட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா பற்றி அறிந்தேன். அங்குள்ள ஹனுமவிலாசம் கோயிலை ஒட்டிய பெயர். அழியும் அபாயத்தின் உச்சத்தில் உள்ளதாக ஐ.யு.சி.என் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலிட்டிருக்கிறது. 2019இல் இந்தப் பேரினம் முழுவதுமே சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் சேர்ந்தது. எங்கோ அமேசான் காட்டுச் சிலந்தியின் மயிரை மனப்பாடம் செய்துவிட்டு, நம் கடற்கரை ஊரில் இருப்பதைத் தெரியாமல் இருந்தேனே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பாதுகாப்பு நிலை பற்றிய கேள்வி வந்தால் இதை எழுதுங்கள்.

இரண்டாம் தடவை தட்டில் இருந்தது பழுப்பான, கொஞ்சம் சின்னச் சிலந்தி. முதல் தடவையின் அவசரம் இருந்திருந்தால் மறுபடி தெரபோசிடே என்றுதான் எழுதியிருப்பேன். இடுக்கியால் புரட்டினேன். பற்கள் இணை. திட்டுகள் நான்கு. லென்ஸில் மூன்று நகம், குஞ்சம் இல்லை. தாடை நுனியில் மண் தோண்டும் முள் வரிசை. முன்பக்கக் கண்கள் இரண்டு மட்டும் விளிம்பை ஒட்டித் தனியாக முன்னால் நின்றன. இத்தனையும் எழுதி முடித்த பிறகு கடைசி வரியில், மண்ணில் வளை தோண்டும் சிலந்திகளின் அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதினேன்: இடியோபிடே.