கடவுச்சொல்லைச் சொல்லாமல் போன காதலும் நம் இனிஷியலும்

கொரியாவில் குடியேறியபின் ‘டியூன் இன் ஃபார் லவ்’ என்ற கொரியக் காதல் படத்தைப் பார்க்கிற நம்மவர்களுக்குச் சுருக்கென்று தைப்பது காதல் அல்ல, அதில் வரும் ஒரு கடவுச்சொல்தான். 1997இல், மறுநாள் ராணுவத்துக்குப் போகவிருக்கும் நாயகன் ஹ்யோன்-வூவுக்கு நாயகி மி-சூ ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கித் தருகிறாள். கடவுச்சொல்லைச் சொல்ல மறந்துவிடுகிறாள். அவள் எழுதிக்கொண்டே இருக்கிறாள், அவனால் திறக்க முடியவில்லை. ஊரில் இருந்தபடி பார்த்தால், “யாரையாவது விட்டு விசாரிக்கக் கூடாதா?” என்று கேட்போம். இங்கே வந்திறங்கி ஒரு மாதம் ஓட்டியவர் கேட்கமாட்டார்.

ஜங் ஜி-ஊ இயக்கி 2019இல் வந்த இந்தப் படத்தில் காதலர்களைப் பிரிக்கும் விதி என்று தனியாக எதுவும் இல்லை. அன்றைய கட்டாயத் தரைப்படைச் சேவை 26 மாதம். இன்று 18தான், அதிலும் 2020 முதல் பணி முடிந்த நேரத்தில் வீரர்கள் கைப்பேசி வைத்துக்கொள்ளலாம். 2004க்கு முன் கைப்பேசி நிறுவனத்தை மாற்றினால் பழைய எண்ணும் போய்விடும். இருவரையும் சேர்த்துவைத்த பேக்கரியோ இடையிலேயே மூடப்பட்டுவிடுகிறது. முகவரி, எண், கடை மூன்றும் கைநழுவினால் எந்தக் காதலும் தள்ளித்தான் போகும். எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்றைய கொரியாவில் புதிதாக வருகிறவர்தான் ஹ்யோன்-வூ. இங்கே கைப்பேசி எண்தான் ஆளின் அடையாளம். வங்கிச் செயலி, இணையக்கடை, அரசுத் தளம் என எதைத் தொட்டாலும் “நீங்கள்தானா?” என்று எண்ணுக்கு ஒரு ரகசியக் குறியெண் வரும். நண்பர் பெயரிலோ கம்பெனி பெயரிலோ வாங்கிய சிம் இதற்கு உதவாது. விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதும் பெரும்பாலும் உதவாது. 90 நாளுக்கு மேல் தங்குபவர், வந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டைக்குப் பதிய வேண்டும். அட்டை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நீங்கள் ஆளே இல்லை.

அட்டை வந்தபின்தான் நம் பெயரின் பாடு ஆரம்பிக்கிறது. கொரியப் பெயர் பெரும்பாலும் மூன்று எழுத்து, முதலில் குடும்பப் பெயர். படிவக் கட்டங்களும் அந்த அளவுக்கே தைத்தவை. எம். செந்தில்குமார் கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்து முருகேசனைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். அட்டையில் ‘முருகேசன் செந்தில்குமார்’. சிம் கடைக்காரர் இடைவெளி விடாமல் அடிப்பார், வங்கிக்காரர் வரிசையைத் திருப்பிப் போடுவார். ஓர் இடைவெளி மாறினாலும் இயந்திரத்துக்கு இவர்கள் வேறுவேறு ஆட்கள். வருகிற பிழைச்செய்தியோ “தகவல் பொருந்தவில்லை” என்பதோடு நின்றுவிடும். எது பொருந்தவில்லை என்று சொல்லாது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் சிம், பிறகு வங்கி. இரண்டு இடத்திலும் அட்டையில் உள்ளபடியே ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதே வரிசையில், அதே இடைவெளியோடு அடிக்கச் சொல்லி, கையெழுத்துக்கு முன் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். வெட்கப்படக் கூடாது. புது வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பப் பெரும்பாலும் வரம்பு உண்டு. 2024 மே முதல் இணையவழியில் நாளொன்றுக்கு 10 லட்சம் வொன், முன்பு 3 லட்சம்தான். வீட்டு முன்பணம் கட்டும் அன்று இது தெரியவந்தால் முழி பிதுங்கும். வீடு மாறினாலும் கடவுச்சீட்டு புதுப்பித்தாலும் 15 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விசாவை நீட்டித்த கையோடு வங்கிக்கும் சிம் கடைக்கும் புதிய தேதியைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காலையில் போன் ஊமையாகிவிடலாம்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் பழகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மருந்துக்கடையில் “முருகேசன்!” என்று கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்த்துவிடுகிறோம். ஊரில் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது; இங்கே இருபது வயதுப் பெண் கூப்பிட்டு இருமல் மருந்தை நீட்டுகிறாள்.

படம் தொடங்குவது 1994 அக்டோபர் 1, பாடகர் யூ யோல் கொரியப் பொது ஒலிபரப்பான கேபிஎஸ்ஸின் பண்பலையில் தன் இசை நிகழ்ச்சியை ஆரம்பித்த நாள். அந்த நிகழ்ச்சி 2007இல் நின்றுவிட்டது, 89.1 அலைவரிசை இன்றும் ஓடுகிறது. கேபிஎஸ்ஸின் ‘கோங்’ வானொலிச் செயலியில் நேயர்கள் இப்போதும் தங்கள் கதையை எழுதி அனுப்புகிறார்கள், அறிவிப்பாளர் வாசிக்கிறார். மொழி பாதி புரிந்தாலும் அந்த நேரத்தில் நம் காது இலங்கை வானொலிப் பக்கம் போய்விடுகிறது. பிறந்தநாள் வாழ்த்தில் அம்மம்மா, சித்தப்பா, மாமி, மச்சான் என்று மூச்சுவிடாமல் வரும் பட்டியலில் இனிஷியல் ஒன்றுகூடத் தப்பாது.