எல்லாப் படுக்கைக்கும் மூச்சு 20: நர்சிங் வகுப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

முதல் வார்டு போஸ்டிங் முடித்து வரும் மாணவர்களின் சார்ட்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். காய்ச்சல் படுக்கைக்குப் படுக்கை மாறியிருக்கும், பல்ஸ் மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் 18, 20, 20, 18, 20 என்று ஓடும். நிமோனியா நோயாளிக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை.

எண்ணுகிறவர்களும் 15 விநாடி பார்த்துவிட்டு நான்கால் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 16, 20, 24 என்றுதான் வரும். இடையில் உள்ள எண்கள் வர வழியே இல்லை. ஒரு மூச்சு கண்ணுக்குத் தப்பினால் கணக்கில் நான்கு குறைகிறது.

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கும் மாணவருக்கு நியூஸ்-2 அட்டவணையைக் காட்டினால் போதும். உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, பி.பி., பல்ஸ், மூச்சு போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் முறை அது; பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்டது. மதிப்பெண் கூடினால் ஆபத்து. மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் 0. 21 முதல் 24 வரை 2. 25-ஐத் தொட்டால் 3; ஒரே அளவீட்டில் 3 வந்துவிட்டாலே அவசரமாக ஆளைக் கூப்பிட வேண்டும். நிமிடத்துக்கு 22 மூச்சு விடுகிறவருக்கு 20 என்று எழுதினால் அந்த 2 மதிப்பெண் காணாமல் போகிறது. உடல்நிலை சரியத் தொடங்கும்போது பி.பி. விழுவதற்கு முன்பே மூச்சு ஏறுவதுதான் வழக்கம் என்பதால், காணாமல் போவது முதல் எச்சரிக்கை.

செய்முறை எளிது. பல்ஸ் எண்ணி முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்கக் கூடாது. தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும்; பல்ஸ்தான் பார்க்கிறார்கள் என்று நோயாளி நினைத்திருக்கும்போதே நெஞ்சைப் பார்த்து 60 விநாடி முழுசாக எண்ண வேண்டும். போர்வை கனமாக இருந்தால் கொஞ்சம் விலக்கிக்கொள்ளலாம். நடுவில் பேசினாலோ இருமினாலோ அந்த நிமிடம் செல்லாது. பயிற்சிக்கு இரண்டு மாணவர்கள், ஒரே நோயாளி, ஒரே நிமிடம், தனித்தனித் தாள். வித்தியாசம் 2-க்கு மேல் போனால் இருவரும் மறுபடி எண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பி.பி.யிலும் இதே கதை. முள் உள்ள கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அதில் பார்த்ததாகச் சொல்லி 117/73 என்று எழுதினால் அது கற்பனை எண். மறுபுறம் எல்லாம் 120/80, 130/90 என்று பூஜ்யத்திலேயே முடிந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

வார்டில் பட்டன் அமுக்கும் மெஷின் வந்த பிறகு காதால் கேட்டு அளக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, அது இருக்கத்தான் போகிறது. ஆனால் நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோயாளியிடம் அது தடுமாறும். அப்போது கையால் பார்க்கத் தெரிய வேண்டும். மாணவர்கள் தவறவிடுவது முதல் படியை: மணிக்கட்டுப் பல்ஸைத் தொட்டபடி காற்றடித்து, அது மறையும் அளவைக் குறித்துக்கொள்வது. பிறகு காற்றை முழுக்க விட்டு, அந்த அளவுக்கு 30 மேலே ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் எல்லோருக்கும் 160 வரை ஏற்றுகிற மாணவர், சத்தம் 190-இல் தொடங்கி 170-இல் மறைந்து 140-இல் திரும்ப வரும் நோயாளிக்கு 140 என்று எழுதிவிடுவார். பெரிய கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் இதற்கு நேர்மாறு: இல்லாத பி.பி. ஏறித் தெரியும். கஃபுக்குள் இருக்கும் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் இரட்டைக் காதுக்குழாய் ஸ்டெதஸ்கோப் ஒன்று ஸ்கில்ஸ் லேபில் இருந்தால் சந்தேகமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். விலை உயர்ந்த பயிற்சிப் பொம்மை வாங்கும் கல்லூரிகளில்கூட இது இருப்பதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருந்துக் கணக்கு. பள்ளியில் கணக்கு பிடிக்காமல் போனவர்கள் நர்சிங்கில் கணக்கு இருக்காது என்று நம்பி வருகிறார்கள். இரண்டாவது செமஸ்டரில் அது எதிரே வந்து நிற்கிறது.

ஒரு கணக்கு: டோபமின் 400 மி.கி., 250 மி.லி. திரவத்தில். நோயாளி 60 கிலோ. ஆர்டர், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். பம்ப் மணிக்கு எத்தனை மி.லி. ஓட வேண்டும்?

5 × 60 = நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். மணிக்கு 18,000. பையில் 400 மி.கி., அதாவது 4,00,000 மைக்ரோகிராம். 250-ஆல் வகுத்தால் மி.லி.க்கு 1,600. 18,000-ஐ 1,600-ஆல் வகுக்க, மணிக்கு 11.25 மி.லி.

தப்பு எங்கே நடக்கிறது? நிமிடத்தை மணியாக்க மறந்தால் 0.19 வரும். மைக்ரோகிராமை மி.கி. ஆக்க மறந்தால் 11,250 வரும். இரண்டையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் அடிக்கோடிட்டு விடையாக எழுதுகிற தாள்கள் உண்டு. 250 மி.லி. பையிலிருந்து மணிக்கு 11,250 மி.லி. எப்படி ஓடும் என்ற கேள்வி எழவில்லை என்றால், குறை பெருக்கலில் இல்லை. அந்தப் பையை மனதில் பார்க்காததில் இருக்கிறது. அதனால் ஃபார்முலாவைக் கையில் கொடுப்பதற்கு முன் உத்தேச விடையைச் சொல்ல வைக்க வேண்டும். "பை எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேட்டாலே போதும். 11.25 என்றால் சுமார் 22 மணி நேரம், நம்பலாம். 0.19 என்றால் 50 நாளுக்கு மேல்.

சொட்டுக் கணக்கிலும் அப்படித்தான். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும், மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே ஆர்டர் 60 சொட்டு மைக்ரோ செட்டில் 125. கணக்கு சரிதான், ஆனால் 125 சொட்டைக் கண்ணால் எண்ணி யாரும் ஓட்ட முடியாது. செட்டின் உறையில் சொட்டு அளவு அச்சிட்டிருப்பதையே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 20 போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; 15 சொட்டு செட்டும் புழக்கத்தில் உண்டு. தேர்வுத் தாளில் செட்டின் அளவை அச்சிட்டுக் கொடுக்காமல், நிஜ உறையை மேசையில் வைத்துக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும்.

எழுதும் முறையையும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும். அரை மி.கி. என்றால் 0.5, முன் பூஜ்யம் இல்லாமல் .5 எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். ஐந்து என்றால் 5, பின்னால் .0 சேர்த்தால் 50 ஆகும்.

இந்தத் தேர்வுக்கு 50 சதவீதம் பாஸ் மார்க் வைப்பதில் அர்த்தமே இல்லை. பாதி ஊசி சரியாகப் போட்டால் போதும் என்று எந்த வார்டும் சொல்லாது. 90 அல்லது 100 வைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத விடலாம். ஆனால் தேறும்வரை மருந்து டிராலிப் பக்கம் அனுப்பக் கூடாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வார்டில் கூட்டம். ஒரு டிரெஸ்ஸிங் நடக்கும்போது படுக்கையைச் சுற்றிப் பத்து மாணவர்கள். முன்வரிசையில் இருவர் பார்க்கிறார்கள், மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைப் பார்க்கிறார்கள். நோயாளிக்கும் சங்கடம்.

மூவருக்கு மேல் ஒரு படுக்கைக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டு, ஒருவர் செய்ய, ஒருவர் கைதொடாமல் கவனித்துக் குறிப்பெடுக்க, ஒருவர் கேஸ் ஷீட் படித்துக் காரணம் சொல்ல, அடுத்த நோயாளியிடம் வேலையை மாற்றிக்கொள்ளலாம். மீதிப் பேர் லேபிலோ ஓ.பி.யிலோ. நேர அட்டவணை போடுகிறவருக்குத் தலைவலிதான். இன்னொரு பக்கம், ஸ்டாஃப் குறைவான வார்டில் மாணவர் கூலியில்லாத கையாள் ஆகிவிடுகிறார்: லேபுக்கு ரத்தம் கொண்டுபோக, ஃபைல் வாங்கிவர. லாக் புக்கில் மணிக்கணக்கு நிரம்பும். என்ன கற்றார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வார்டில் இடம் இல்லாததற்கு மாற்றாக, பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் சிமுலேஷன் என்று எல்லா இடத்திலும் பேச்சு. மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் மாநில நர்சிங் கவுன்சில்களின் தேசியக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வை: வார்டு நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் தரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. "பாதி" என்ற சொல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அங்கே நடத்தியவர்கள் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதும், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் முறையான டீப்ரீஃபிங் நடந்தது என்பதும் யாருக்கும் நினைவில்லை. 15 நிமிடக் காட்சிக்கு 30 நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும். "ஆக்ஸிஜன் போட ஏன் மறந்தாய்?" என்று தொடங்கினால் மாணவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். "ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 88-க்கு இறங்கியபோது நீ பி.பி. கஃபைக் கட்டிக்கொண்டிருந்தாய், அப்போது மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டால் உண்மைக் காரணம் வரும். பெரும்பாலும் மானிட்டரையே அவர் பார்த்திருக்க மாட்டார்.

பொம்மை கற்றுக்கொடுக்கும் தப்புகளும் உண்டு. ஐ.வி. பழகும் ரப்பர் கையில் எல்லோரும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருக்கும். மாணவர் நரம்பைத் தடவிக் கண்டுபிடிப்பதில்லை, பழைய ஓட்டையில் ஊசியை விடுகிறார். தேர்வில் முழு மார்க். வார்டில் வயதான ஒருவரின் உருளும் நரம்பின் முன் கை நடுங்குகிறது. தோல் உறையையும் உள் டியூபையும் காலத்தோடு மாற்ற வேண்டும். அதற்குப் பணம் வரும்வரை, கையைத் திருப்பி வைத்துப் பழகாத பக்கத்தில் குத்த வைக்கலாம். கையுறை போட்டபடியே தடவச் சொல்ல வேண்டும்.

ஆண் நோயாளிக்குச் சிறுநீர் டியூப் போடுவதில் இன்னும் மோசம். சிறுநீர் வந்ததும், டியூப் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும் பலூனை ஊதிவிடுகிறார்கள். ஒய் வடிவ முனை வரை டியூபை உள்ளே செலுத்திய பிறகுதான் ஊத வேண்டும். இல்லையென்றால் பலூன் சிறுநீர்ப்பாதையிலேயே விரிந்து கிழிக்கும். பொம்மைக்கு வலிக்காது, ரத்தம் வராது, அதனால் இந்தத் தப்பு லேபில் தப்பாகவே தெரிவதில்லை. ஊதுவது ஸ்டெரைல் தண்ணீரால். சலைன் நாளடைவில் உப்புப் படிந்து பலூன் சுருங்காமல் போகலாம்.

ஆகஸ்ட் 27, புதன்

மாணவர்கள் எழுதித்தரும் கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) எல்லாம் திடீரென்று அழகாகிவிட்டது. வாக்கியப் பிழை இல்லை, ஒவ்வொரு நோய்க்கும் காரணத்தோடு ஐந்து நர்சிங் டயக்னோசிஸ். ஏ.ஐ. எழுதியது. இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேடி ஓடுவது வீண் வேலை. அதற்கு முன்னாலும் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

தாளை வாங்கிக்கொண்டு படுக்கைக்குப் போய்க் கேட்க வேண்டும். இன்று காலை எந்த மருந்து கொடுக்கப்படவில்லை, ஏன்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு? நேற்றை விட இன்று என்ன மாற்றம்? பிறகு எஸ்பார் முறையில், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று இரண்டு நிமிடத்தில் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். பின்னணியிலேயே இரண்டு நிமிடமும் தீர்ந்துவிடும். பரிந்துரை வருவதே இல்லை. டாக்டரிடம் "இதைச் செய்யலாமா" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மார்க்கில் பாதியை அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வைத்தால் வரத் தொடங்குகிறது.

ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கும் ஒரு குறிப்பு. மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்தியபோது அதன் பலமே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது. இப்போது செக்லிஸ்டையே மனப்பாடம் செய்து வருகிறார்கள். "கை கழுவுகிறேன்" என்று வாயால் சொன்னதும் தேர்வாளர் டிக் அடிக்கிறார். சொல்லுக்கு மார்க் கிடையாது, ஹேண்ட் ரப் பாட்டில் மேசையில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 20 முதல் 30 விநாடி தேய்க்கட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஊசி குத்திக்கொண்டால் மாணவர்கள் மறைக்கிறார்கள். திட்டு விழும், மார்க் குறையும் என்ற பயம். எல்லோருக்கும் எச்.ஐ.வி. கவலை, அது உள்ளவருக்குப் போட்ட ஊசி ஒருமுறை குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம்.

தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ், அதன்பின் ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி பரிசோதனை, அளவு மி.லி.க்கு 10 மில்லி யூனிட்டாவது (mIU/mL) இருக்க வேண்டும். ஆக ஏழெட்டு மாதம். வார்டு போஸ்டிங் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சேர்ந்த வாரத்திலேயே முதல் டோஸ் போட்டால்தான் கணக்கு ஓரளவு ஒத்துவரும்.

குத்தினால்: சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு, பிதுக்காதே, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணிக்குள் தொடங்கியே ஆக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். சொன்னதற்காக யாருக்கும் இன்டர்னல் மார்க் குறையாது என்று எழுத்தில் ஒட்டிவைக்காத வரை இந்தப் பாடம் வகுப்போடு நிற்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

யாரைத் தேர்ச்சியில்லை என்று நிறுத்துவது? 2003இல் ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி செய்த ஆய்வு, திறமை போதாத மாணவர்களையும் வார்டு வழிகாட்டிகள் பாஸ் போட்டு அனுப்பிவிடுவதைக் காட்டியது. காரணங்கள் இன்றும் அப்படியே: போஸ்டிங் முடியப்போகிறது, இப்போது சொல்லி என்ன, பாவம், நல்ல பிள்ளை, எழுத்தில் ஒன்றும் இல்லையே.

கடைசிக் காரணத்தை மட்டும் நம் கையால் சரிசெய்யலாம். போஸ்டிங்கின் பாதியிலேயே எழுத்தில் கருத்து கொடுத்து, மாணவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "கவனக்குறைவு", "முன்னேற்றம் தேவை" என்று எழுதினால் மேல்முறையீட்டில் ஒரு நொடி நிற்காது. இப்படி எழுதலாம்: "காலை 8 மணி மருந்து நேரத்தில் கைப்பட்டை பார்க்காமல் இரண்டு நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்தார். கேட்டபோது முகம் தெரியும் என்றார். அடுத்த ஐந்து மருந்து நேரங்களில் மேற்பார்வையோடு மட்டும் கொடுப்பார். ஐந்திலும் பெயரும் எண்ணும் சரிபார்க்க வேண்டும்." இதில் என்ன நடந்தது, எது வேண்டும், எப்போது மறுபடி பார்ப்போம் என்பது மூன்றும் இருக்கிறது. அந்த ஐந்து நேரமும் டியூட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால், அவருடைய வகுப்பு அட்டவணையிலிருந்து அந்த மணிகளை முன்கூட்டியே விடுவித்து வைக்க வேண்டும்.