ரேஞ்ச் இல்லாத ஊரில் ஏர் பிஸ்டல்: வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி?

மாநிலத் தகுதிச் சுற்றின் முடிவு சென்ற வாரம் வெளியானது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அடுத்த கட்டத்துக்கான பட்டியலில் என் பெயரைக் கண்டதும் பெரிய பாரம் இறங்கியது. அன்றிலிருந்து மண்டபம், கீழக்கரைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வாரத்தில் எத்தனை நாள் சுட்டீர்கள், அண்ணா? பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போட்டுச் சுடுவது வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலும் போதும், ஆனால் பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுக்கும் டிரை பிராக்டிஸை ஒரு நாளும் விடக்கூடாது என்பதே என் பதில்.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஊரின் தொலைவு. ராமேசுவரம் தீவிலுள்ள என் ஊரான தங்கச்சிமடத்திலிருந்து, நான் சுடும் ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம்) இருக்கும் மதுரை 150 கிலோமீட்டருக்கும் மேல். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, தீவில் இருப்பவர்களுக்குப் பேருந்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. பிஸ்டலின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பவும் நான் மதுரைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதால், வீட்டில் வீணாக ஒரு ஷாட்டும் சுட முடியாது. டிரை ஃபயர் வசதியுள்ள போட்டிப் பிஸ்டலில் காற்றே செலவாகாமல் டிரிகரை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் இழுக்கலாம். ரேஞ்சுக்குப் பக்கத்திலேயே வீடு இருந்திருந்தாலும் நான் இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். குறிபார்க்க உதவும் இரண்டு சைட்டுகளில், குழலின் முனையிலுள்ள ஃப்ரன்ட் சைட்டுக்கும் கண்ணுக்கு அருகிலுள்ள ரியர் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கிறது என்று கொள்வோம். டிரிகரை வெடுக்கென்று இழுத்ததால் ஃப்ரன்ட் சைட் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் அந்தப் பிழை ஏறத்தாழ 30 மி.மீ. ஆகிவிடும், அதாவது குறித்தாளில் 59.5 மி.மீ. விட்டமுள்ள கருவட்டத்தின் விளிம்புக்கே பெல்லட் போய்விடும். அதே நேரத்தில், இரண்டு சைட்டும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க, கை முழுவதுமாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ. மட்டுமே நகரும், பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால் அந்த ஷாட் பத்தாகவே நிற்கும். கை ஆடுகிறதே என்று அஞ்சி, அது நிற்கும் கணத்தில் டிரிகரைப் பிடுங்குபவர்கள் சிறிய பிழைக்குப் பயந்து பெரிய பிழையைச் செய்கிறார்கள். 500 கிராம் விசை வேண்டும் டிரிகரைச் சீராக இழுக்கும் அந்த விரலுணர்வுதான், நான் கண்டவரையில், பயிற்சி விட்டால் முதலில் போவது. தோளின் வலு அதற்குப் பிறகுதான் குறைகிறது. ஆகவே விரலுக்குத் தினமும் வேலை வேண்டும்.

என் முறை வருமாறு.

வெள்ளைச் சுவர் முதலில். குறியே இல்லாத சுவரைப் பார்த்து நின்று, ஃப்ரன்ட் சைட்டை மட்டும் கூர்மையாக நோக்கி, டிரிகர் விழுந்த பின்னும் மனத்துக்குள் இரண்டு எண்ணும் வரை கையை இறக்காமல் இருக்க வேண்டும். தினமும் பழகும் இருபது நிமிடத்தில் பாதி இதற்கே.

பிறகு குறி. வீட்டில் 5 மீட்டர்தான் கிடைக்குமென்றால் கருவட்டத்தை 30 மி.மீ. ஆக வரைந்து கொள்ளுங்கள். உயரத்திலும் கவனம் தேவை: ரேஞ்சில் குறியின் மையம் 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் கண் 1.50 மீட்டரில் இருந்தால், பாதித் தொலைவில் வரையும் குறி 1.45 மீட்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தவறான உயரத்துக்குப் பழகிவிடும்.

மூன்று ஷாட் தொடர்ந்து கெட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அறையில் பெல்லட் டப்பாவே இருக்கக்கூடாது. பெல்லட் வைக்கும் இடமான சேம்பரைத் திறந்து இருமுறை பார்த்த பிறகே தொடங்க வேண்டும். சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. ஸ்பிரிங் வகை ஏர் கன் வைத்திருப்பவர்கள் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளேயுள்ள பிஸ்டன் சீல் கெட்டுவிடும் என்பதால், அவர்களுக்கு இந்த முறை பொருந்தாது.

ரேஞ்சுக்குச் செல்லும் நாளில் எண்ணிக்கையைப் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தொலைவிலிருந்து வந்தோமே என்று நூற்றுக்கும் மேல் சுடுபவர்களைப் பார்க்கிறேன்; தோள் களைத்த பின் சுடும் ஒவ்வொரு ஷாட்டும் களைத்த கையின் பழக்கத்தைத்தான் பதிக்கிறது. நாற்பது ஷாட், அதுவும் மதிப்பெண் எழுதாமல், பெல்லட்டுகள் சேர்ந்து விழும் குழுமம் எங்கே அமைகிறது என்பதை மட்டும் பார்த்துச் சுடுவது நல்லது. முழுப் போட்டியைப் போல 60 ஷாட்டை 75 நிமிடத்துக்குள் முடிக்கும் பயிற்சி மாதம் இருமுறை போதும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் அதுவும் வேண்டாம். வெள்ளைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விடியற்காலையில், வீட்டார் எழுவதற்கு முன், தனியாக நின்று பழகுவதே எனக்கு ஏற்றது. கூட்டமாகப் பழகினால் ஊக்கம் வருகிறது என்று சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். ஆனால் போட்டியில் அந்த 75 நிமிடமும் நாம் தனியாகத்தான் நிற்கிறோம் என்பதால் தனிமையையே பரிந்துரைப்பேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வாடைக் காற்று வீசும் மாதங்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்புப் பாகங்களில் துருவையும் ஈயப் பெல்லட்டின் மேல் வெள்ளைப் பூச்சையும் உண்டாக்கும். பெல்லட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பயிற்சி முடிந்ததும், ஒரு ஷாட்டும் சுடாத நாளானாலும், கை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். வியர்வையும் உப்புத்தானே.

தகுதி பெற்ற பின், அடுத்த போட்டி வரை நிலையைத் தக்கவைத்துக்கொள்ள வாரத்தில் நான்கு நாள் டிரை பிராக்டிஸும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரேஞ்சும் போதும் என்று எண்ணுகிறேன். முன்னேற வேண்டுமென்றால் இது போதாது. கல்லூரித் தேர்வு, காய்ச்சல் என்று ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், திரும்பியதும் உடனே பெல்லட்டை எடுக்காமல், மூன்று நாளாவது சுவரைப் பார்த்து டிரிகரை இழுத்த பிறகு ரேஞ்சுக்குச் செல்லுங்கள்.