ஏழு தந்திக் கோபம்

19 அக்டோபர் 2025, ஞாயிறு

அமெரிக்க ராக் குழு லிம்ப் பிஸ்கிட்டின் பேஸ் கிடாரிஸ்ட் சாம் ரிவர்ஸ் நேற்று இறந்துவிட்டார். 48 வயதுதான். குடியால் ஈரல் கெட்டு 2015-ல் குழுவை விட்டு விலகி, மாற்று ஈரல் பொருத்திக்கொண்டு 2018-ல் திரும்பி வந்தவர். அஞ்சலி என்று ஆளாளுக்கு 'பிரேக் ஸ்டஃப்' பாட்டைப் பகிர்கிறார்கள். அதில் ரிவர்ஸுக்குப் பெரிய வேலை இல்லை. 1999-ல் வந்த 'சிக்னிஃபிகன்ட் அதர்' ஆல்பத்தில் 'ரீ-அரேஞ்ச்ட்' என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டே அவருடைய பேஸ்தான். அவசரமே இல்லாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், மற்றவர்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். குழுவின் பாடகர் ஃபிரெட் டர்ஸ்ட் பாடத் தொடங்கும் வரை அருமையான பாட்டு.

சரி, விடுமுறைதானே. மெட்டலோடு ராப்பையும் கலந்த அந்தக் காலத்து நியூ-மெட்டல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

20 அக்டோபர், தீபாவளி

வெளியே சரவெடி, காதில் கார்ன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கார்ன் குழுவின் முதல் ஆல்பம் 1994 அக்டோபரில் வந்தது. அவர்களுடையது கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு, எண்ணெய்க் கிணறும் வயல்வெளியுமான ஊர். லாஸ் ஏஞ்சலிஸின் பளபளப்பு எதுவும் அங்கே இல்லை. 'பிளைண்ட்' பாட்டின் தொடக்கத்தை இன்று கவனமாகக் கேட்டேன். முதலில் சிம்பல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் ஒரு காதில் ஒரு கிடார் நுழைகிறது, அடுத்த காதில் இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் உறுத்துகின்றன. அந்த உறுத்தலை வேண்டுமென்றே நீட்டிக்கொண்டே போய், பாடகர் ஜோனதன் டேவிஸ் "ரெடியா?" என்று கத்தியதும் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகிறது. 31 வருஷம் ஆகியும் அந்த இடத்தில் எனக்கு முதுகு நிமிர்கிறது.

அவர்கள் வாசித்தது ஐபனீஸ் கம்பெனியின் ஏழு தந்திக் கிடார். ஸ்டீவ் வாய் என்ற மகா வித்தகருக்காக 1990 வாக்கில் சந்தைக்கு வந்த வாத்தியம் அது. மின்னல் வேகத்தில் சோலோ வாசிக்கிறவர்களுக்கென்று செய்ததை எடுத்து, அந்தத் தடித்த ஏழாவது தந்தியை இன்னும் ஒரு படி தளர்த்தி, சோலோவே வாசிக்காமல் ஆல்பத்தை முடித்தார்கள். அன்றைய கிடார் ரசிகர்கள் இதற்குப் பொங்கியது நியாயம்தான். ஆனால் கேட்கிறவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கனம். சோலோவை யாரும் தேடவில்லை.

கடைசிப் பாட்டு 'டாடி'. சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை டேவிஸ் அதில் பாடுகிறார். பாட்டு முடிந்த பிறகும் விம்மி அழுதுகொண்டே இருக்கிறார். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன் பதிவை நிறுத்தவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்தப் பாட்டை அவர்கள் ஏறக்குறைய இருபது வருஷம் மேடையில் பாடாமலே இருந்தார்கள்.

23 அக்டோபர், வியாழன்

கார்னின் மூன்றாவது ஆல்பம் 'ஃபாலோ த லீடர்', 1998. 'ஃப்ரீக் ஆன் எ லீஷ்' இன்றும் நிற்கிறது. ஆனால் நடுவில் டேவிஸும் ஃபிரெட் டர்ஸ்டும் மாறி மாறித் திட்டிக்கொள்ளும் ஒரு பாட்டு வருகிறது. ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் வசைதான் அதில் முக்கால்வாசி. கேட்கவே கூசுகிறது. பாதியில் தாண்டிவிட்டேன்.

அப்புறம் வுட்ஸ்டாக் '99 இசை விழாவின் காட்சிகளைப் பார்த்தேன். நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரம், மூடிப்போன விமானப்படைத் தளம், ஜூலை வெயில், நிழலில்லாத தார்த் தரை, தண்ணீர் பாட்டில் 4 டாலர். சனிக்கிழமை லிம்ப் பிஸ்கிட் வாசிக்கும்போது கூட்டம் கோபுரங்களின் ஒட்டுப்பலகைகளைப் பெயர்த்து, அவற்றின் மேல் ஆட்களை ஏற்றித் தலைக்கு மேல் நகர்த்துகிறது. பழி முழுவதும் டர்ஸ்ட் தலையில் விழுந்தது. தீ வைத்தது மறுநாள், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் மேடையில் இருந்தபோது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் டர்ஸ்டை விட்டுக்கொடுக்காமல் பேசவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மேடையில் இருந்து இறங்கிய கோபத்துக்கோ முகவரியே கிடையாது. யார் மேல் என்று கேட்டால், எதிரில் இருப்பவர் மேல்.

இந்த இசையைப் பற்றி அன்று விமர்சகர்கள் சொன்ன பெரிய குறை, ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து புலம்புகிறார்கள் என்பது. இன்று கேட்டால் புலம்பல்தான் தாங்குகிறது. உளுத்துப்போனது மார்தட்டல்.

24 அக்டோபர்

மழை. ஒரு சின்னக் குறிப்பு மட்டும். எல்லாவற்றிலும் மோசமாகப் பழசானது டிஜே-க்கள் தட்டைச் சுரண்டும் சத்தம். எந்தப் பாட்டில் வந்தாலும் வருஷத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

27 அக்டோபர், திங்கள்

லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி'. 2000 அக்டோபர் 24-ல் வந்தது. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத ஆல்பம். கல்லூரி விடுதியில் மெட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்கூட 'இன் தி எண்ட்' வரிகளை மனப்பாடமாகச் சொல்வான். பியானோ தொடங்கியதும் அறை மொத்தமும் சேர்ந்துகொள்ளும்.

'கிராலிங்' பாட்டுக்கு கிராமி கிடைத்தது. அப்புறம் பல வருஷம் இணையத்தில் அதை வைத்து நக்கல்தான். பதின்வயதுக்காரனின் மூடிய கதவு, அம்மாவிடம் கோபம், அந்த மாதிரி. 2017 ஜூலை 20-ல் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் தற்கொலை செய்துகொண்ட பிறகு அந்த நக்கல் அடங்கியது. சிறுவயதுக் கொடுமை, போதை, மனச்சோர்வு என்று அவர் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லி வந்தவர். பாட்டிலும் அதையேதான் சொன்னார். போன வருஷம் அவர் இடத்தில் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் பாட வந்ததும் ரசிகர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அவர் குரலில் குறை இல்லை. பழைய பாட்டுகளில் மட்டும் காது பழையதைத் தேடுகிறது.

30 அக்டோபர், வியாழன்

டெஃப்டோன்ஸ் குழுவின் 'வைட் போனி', 2000. இதற்குப் பரிந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. அப்போது பிறக்காத பிள்ளைகள் இன்று டிக்டாக்கில் கண்டுபிடித்து வந்து நிற்கிறார்கள்.

சிஸ்டம் ஆஃப் எ டவுன் வேறு ரகம். நால்வரும் ஆர்மீனிய வம்சாவளி. 1998-ல் வந்த முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டே ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றியது. 'டாக்ஸிசிட்டி' வந்தது 2001 செப்டம்பர் 4-ல். அடுத்த வாரம் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அமெரிக்காவில் முதலிடம் அந்த ஆல்பத்துக்கு. 'சாப் சூயி'யை ஒரு பெரிய வானொலி நிறுவனம் ஒலிபரப்பத் தகாதவை பட்டியலில் சேர்த்தது. 2020-ல் ஆர்மீனியர்களுக்கும் அஜர்பைஜானுக்கும் இடையே கராபாக் போர் மூண்டதும், பதினைந்து வருஷம் புதிதாக எதுவும் வெளியிடாத குழு இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டது. இங்கே கோபத்துக்கு முகவரி இருக்கிறது. டர்ஸ்டுக்கு அடுத்து இதைக் கேட்டால் காது கழுவின மாதிரி இருக்கிறது.

2 நவம்பர், ஞாயிறு

பெண்களே இல்லாத இசையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருந்தார்கள், ஆனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். கனடாவின் கிட்டி குழு நினைவுக்கு வருகிறது. பள்ளி வயதுப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அப்புறம் எவனெசன்ஸ். 2003-ல் 'பிரிங் மீ டு லைஃப்' வெளிவரும்போது, ஆண் குரல் ஒன்று ராப் பாணியில் கட்டாயம் வேண்டும் என்று கம்பெனி நெருக்கியதாகக் குழுவின் பாடகி ஏமி லீ பலமுறை சொல்லியிருக்கிறார். 2017-ல் ஆர்கெஸ்ட்ராவோடு அதையே திரும்பப் பதிவு செய்தபோது அந்தக் குரலைத் தூக்கிவிட்டார். கொள்கைப்படி நான் ஏமி லீ பக்கம். ஆனாலும் இன்று இரண்டையும் அடுத்தடுத்து கேட்டபோது, புதியதில் அந்த "வேக் மீ அப்" கத்தல் வர வேண்டிய இடத்தில் நானே கத்தினேன்.