ரிப்போர்ட் சரியாகிவிட்டது, கால் வலி போகவில்லை

எட்டு வாரம் மருந்து முடித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். 9 இருந்த வைட்டமின் டி 34 ஆகியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது, ஏனென்றால் அன்று காலையும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துத்தான் படியேறியிருந்தேன். எண் ஏறிவிட்டது, உடம்பு ஏறவில்லை. அதற்கப்புறம் வந்த ஐந்து மாதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாகவே அசதி, இடுப்பு வலி. நாற்காலியிலிருந்து எழ தொடையில் பலம் இல்லை, கையை ஊன்ற வேண்டும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதற்கே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். டெஸ்டில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிக்கிற பாராதைராய்டு ஹார்மோனும், எலும்பு பாதிப்பில் ஏறுகிற அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமும் அதிகமாக இருந்தன, கால்சியம் கீழ் எல்லையில் நின்றது. வாரம் ஒரு முறை வைட்டமின் டி 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு, கூடவே தினமும் கால்சியம் மாத்திரை.

மூன்றாவது வாரம் எல்லாம் இன்னும் மோசமானது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், விரல் நுனி மரத்துப்போகும், உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் பார்த்தேன். நல்லவேளையாக அதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டேன். வயிறு உப்புகிறது என்று நான் கால்சியத்தைப் பாதி நாள் விட்டுவிட்டது அப்போதுதான் வெளியே வந்தது. பல மாதம் சத்தில்லாமல் கிடந்த எலும்பு, வைட்டமின் கிடைத்ததும் ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளுமாம், அதனால் ரத்தத்தில் அளவு இறங்கலாம். ரத்தம் பார்த்தார்கள், இறங்கித்தான் இருந்தது. ஒரே வேளையாகப் போட்டதை இரண்டாகப் பிரித்துச் சாப்பாட்டோடு போட ஆரம்பித்தேன், பத்து நாளில் மரத்துப்போவது நின்றது. உங்களுக்கும் இப்படி இருந்தால் தயவுசெய்து அன்றே சொல்லிவிடுங்கள், கால்சியம் ரொம்ப இறங்கினால் அது சாதாரண விஷயம் இல்லை.

சரி, 34 வந்த பிறகும் ஏன் வலி? எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். டெஸ்டில் காட்டுவது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். குறைபாடு நீண்டு போகும்போது எலும்பின் புது அடுக்குகளில் தாது சேராமல் அவை மென்மையாகவே நின்றுவிடுகின்றன. ரத்தத்தில் இருப்பு வந்த பிறகுதான் நின்றுபோன அந்தத் தாது சேர்க்கும் வேலையே தொடங்குகிறது, அதற்கு வாரக் கணக்கு போதாது, மாதங்கள் ஆகும். தசையும் அப்படித்தான், ஒரு வருடம் சரியாக வேலை செய்யாத தொடை மருந்தால் மட்டும் பலம் பெறாது. இது தெரிந்த அன்று வலி குறையவில்லை, ஆனால் ராத்திரி பயம் குறைந்தது. எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு தப்பு செய்ய இருந்தேன். வாரத்துக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று தோன்றியது. டாக்டர் கறாராக மறுத்தார். இது கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்குகிற வைட்டமின், மிஞ்சியதெல்லாம் சிறுநீரில் போய்விடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் என்று போய் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வலி இருக்கிறது என்பதற்காக மருந்தைக் கூட்டக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு நோட்டு. முதலில் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதினேன், அது நாள் முழுக்க வலியையே பார்த்துக்கொண்டிருக்க வைத்தது. அதை விட்டுவிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். எட்டாவது வாரம் 3, நான்காம் மாதம் 9. நடுவில் ஒரு வாரம் 4க்கு இறங்கி மனசு விட்டுப் போனது, ஆனால் முந்தைய மாதத்துப் பக்கத்தைத் திருப்பினால் அங்கே அந்த 4 கூட இல்லை. காலையும் மாலையும் உட்கார்ந்து எழுவதையே உடற்பயிற்சியாக வைத்துக்கொண்டேன், அடுத்த நாள் படுக்கையில் விழாத அளவுக்கு மட்டும். தூங்கும் முன் கெண்டைக்காலை இரண்டு நிமிடம் நீட்டி இழுத்துவிட்டால் ராத்திரிப் பிடிப்பு குறைந்தது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வாரம் கண்ணாடி ஜன்னல் ஓரமாக நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தேன். வைட்டமின் டி உருவாக வேண்டிய புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் வெளியே நின்றால்தான் பலன், அதுவும் தோல் கருக்காமல் கொஞ்ச நேரம்.

நான்காம் மாதமும் அசதி மட்டும் அசையவே இல்லை. கால் தேறுகிறது, ஆனால் மதியம் ஆனால் கண் இருட்டுகிறது. வேறு ஏதாவது இருக்குமா என்று நானே கேட்டேன். தைராய்டும் பி12உம் சரியாக இருந்தன, ஃபெரிட்டின் 11. இரும்புச் சத்தின் சேமிப்பே காலி. வைட்டமின் டி கணக்கில் நான் எழுதிவைத்த அசதியில் பாதி இரும்பினுடையது! இரும்பு மாத்திரையும் கால்சியமும் சேர்ந்து போனால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் விட வேண்டும். நான் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ரொம்ப வலித்தது "ரிப்போர்ட் நார்மல்தானே, இன்னும் என்ன?" என்ற கேள்வி. கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். நோட்டை எடுத்துக் காட்டினேன், அதற்கப்புறம் வீட்டில் யாரும் கேட்கவில்லை, கனமான பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் டாக்டர் அதே எலும்பை அதே மாதிரி அழுத்தினார், காலை இழுக்கவில்லை. பாராதைராய்டு சரியான அளவுக்கு வந்துவிட்டது. இப்போது தினம் 2,000 யூனிட், அடுத்த டெஸ்டுக்கு மூன்று மாதம் இருக்கிறது. நீண்ட நேரம் நின்றால் இடுப்பு இன்னும் வலிக்கிறது. நேற்று மூன்றாவது மாடி வரை ஏறினேன், கைப்பிடியைத் தொட்டது கடைசி நான்கு படிக்கு மட்டும்.