முதலில் சுவரை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் ஓவியரைக் கூப்பிடுங்கள்

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். சென்னைப் பக்கம் இன்று சமூகக் கலைமையம் நடத்துகிறவர்கள் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு கூடம், நாலைந்து தன்னார்வலர்கள், கொஞ்சம் பணம், அவ்வளவுதான். அதனால் நவீன ஓவியக் கண்காட்சிக்குத் திட்டம் போடும்போது பெயர்ப் பட்டியலில் ஆரம்பிக்காமல் டேப்பை எடுத்துச் சுவரை அளப்பதில் ஆரம்பிப்பது நல்லது.

12-க்கு 8 மீட்டர் கூடம் என்றால் சுற்றுச்சுவர் 40 மீட்டர். வாசல், ஜன்னல்களுக்கு 5 போகும். மூலைக்கு இரண்டு பக்கமும் அரை மீட்டர் வெறுமையாக விட வேண்டும், அதில் 4 போகும். அறிமுகப் பலகைக்கு 2. மிச்சம் 29 மீட்டர். சராசரி 90 செ.மீ. அகல ஓவியம், பக்கத்தில் 60 செ.மீ. இடைவெளி என்று வைத்தால் 19 படைப்புகள்தான் வரும். இந்தக் கணக்கைப் போடாமல் பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு மூன்று கேட்டால், கடைசி நாளில் யாருடையதையாவது கழிப்பறை வழியில் மாட்ட வேண்டியிருக்கும். அப்புறம் அவர் உங்களுடன் பேசமாட்டார்.

அடுத்தது நாள்காட்டி. தேர்வுக்கும் திறப்புக்கும் நடுவே ஆறு மாதமாவது வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் நீர்வண்ணம், அச்சோவியம் போன்ற காகிதப் படைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற வழக்கம் இன்னும் கெடுதல், ஏனென்றால் ஈரம் ஏறி இறங்க ஏறி இறங்கக் காகிதம் அலை அலையாக நெளியும். மின்கட்டணத்துக்குப் பயந்தால் ஏசியே போடாமல் மின்விசிறியும் நல்ல காற்றோட்டமும் போதும் என்பது என் கட்சி. கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

படைப்பு வந்து இறங்கும்போதே முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, இருக்கிற கீறலை எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பபிள் ராப்பாலேயே சேதம் வரலாம். அக்ரிலிக் வண்ணம் சூட்டில் லேசாக இளகும். வெயிலில் டெம்போவில் வரும்போது குமிழ் நேராக வண்ணத்தில் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும், துடைத்தாலும் போகாது. முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் குமிழ் வெளியே பார்க்கிற மாதிரி பபிள் ராப். வண்டியில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது.

மாட்டும்போது மேல்விளிம்பைப் பார்க்காதீர்கள். ஓவியத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வரட்டும். ஆணி எங்கே என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 145-உடன் ஓவிய உயரத்தில் பாதியைக் கூட்டி, மேல்விளிம்பிலிருந்து இழுத்துப் பிடித்த கம்பி எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். 90 செ.மீ. உயர ஓவியம், கம்பி 8 செ.மீ. கீழே என்றால் 182-ல் ஆணி. கம்பியைத் தளர்வாக வைத்து அளந்தால் படம் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கிவிடும். ஒரே ஆணியில் தொங்கினால் இரண்டே நாளில் சாயும். இரண்டு ஆணி அடியுங்கள். கடலோரத்தில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

விளக்கு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து விழட்டும். வெளிச்சத்தின் அளவு காகிதத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். கைபேசிச் செயலியில் அளப்பது துல்லியமில்லை, ஆனால் ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீடியோ படைப்பு என்றால் மின்சாரம் போய் வந்ததும் தானாக ஓடுகிறதா என்று மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இதைச் சோதிக்காத கண்காட்சிகளில் பாதி நேரம் டிவி மெனுதான் ஓடும். ஒரே அறையில் ஒலி உள்ள படைப்பு இரண்டு வேண்டாம்.

அறிமுகக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், 150 சொல் போதும். ஆங்கிலத்தில் எழுதி மாற்றினால் அக்கம்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டாவது வரியோடு நகர்ந்துவிடுவார்கள். விற்பனையில் மையத்தின் பங்கு எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அழைப்புக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

திறப்பு நாளில் குத்துவிளக்கை வாசலுக்கு வெளியே வையுங்கள். புகையும் எண்ணெய்க் கையும் கேன்வாசுக்கு ஆகாது. ராகுகாலம் பார்ப்பதோடு பள்ளித் தேர்வு அட்டவணையையும் பாருங்கள், மார்ச்சில் கூட்டம் வராது. கழற்றிய பிறகு ஆணித் துளைக்குப் பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, வெள்ளை அடிக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளையும் அடுத்த கண்காட்சியின் தேதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.