இருபத்திரண்டாவது கோப்பை

"தாத்தா பிறந்த ஊரைப் பார்க்கப் போறேன், துணைக்கு வர்றியா?" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். ஊர் சுவான்சோவ். சீனாவின் ஃபூஜியன் மாநிலக் கடற்கரை, நேர் எதிரே தைவான். சிங்கப்பூரில் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுகிறவர்களில் பலருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். நானும் மாண்டரினில் நாலு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினேன்.

அங்கிளுக்கு அத்தை முறையாகும் ஒரு பாட்டி, மேற்குத் தெரு சந்து ஒன்றில் இருக்கிறார். 'அ கோ' என்று கூப்பிட வேண்டுமாம். டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டார். டீக்கு மனப்பாடம் செய்த மாண்டரின் 'சா'வை எடுத்துவிட்டேன். முழித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "லிம் தே!" என்றார்.

லிம் என்றால் குடி. தே? அட, நம்ம சிங்கப்பூர் காப்பிக்கடை தே! இந்தக் கரையோரப் பேச்சின் 'தே' கப்பலேறிப் போய்த்தான் வெள்ளைக்காரனுக்கு டீ ஆனது, நமக்குத் தேயிலை ஆனது. உற்சாகம் தாங்காமல், "தே ஓ கோசோங்!" என்றேன், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. தேயும் கறுப்பைக் குறிக்கும் ஓவும் அவர் பாஷை. கோசோங் மலாய், அதற்கு மட்டும் மறுபடி முழித்தார்.

வந்தது பக்கத்து அன்சி மலையில் விளையும் தியெகுவான்யின் டீ. கோப்பை, இருமல் மருந்து மூடி அளவு. ஒரே மடக்கு. கீழே வைத்த கையை எடுப்பதற்குள் நிரப்பிவிடுவார். கொடுத்ததை மிச்சம் வைக்காதே என்பது என் அம்மா வளர்ப்பு, விருந்தாளியின் கோப்பை காலியாக இருக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வளர்ப்பு. இரண்டும் மோதினால் என்ன ஆகும்? பன்னிரண்டாவதில், போதும் என்று இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன். முகம் மலர ஊற்றினார். இன்னும் அழுத்தித் தட்டினேன். இன்னும் மலர்ந்தார்.

இருபத்திரண்டாவதில்தான் அங்கிள் வாயைத் திறந்தார். "இங்க அப்படித் தட்டினா நன்றின்னு அர்த்தம்." முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? "பார்க்க நல்லா இருந்துச்சு."

அடுத்து, "உங்க சாமி இருக்கு, வா" என்று அ கோ கையைப் பிடித்து இழுத்துப் போனார். கைய்யுவான் புத்தர் கோயில். மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். அந்தப் பெயர் இங்கே நிறைய நின்ற கல்யாண முருங்கை மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்ததாம். 1281இல் தமிழ் வணிகர்கள் இங்கே சிவன் கோயில் வைத்துத் தமிழிலேயே கல்வெட்டும் வெட்டினார்கள். இடிந்துபோன கோயிலின் தூண்கள் இப்போது புத்தர் மண்டபத்தின் பின்பக்கம் நிற்கின்றன. இரட்டை மருத மரத்துக்கு நடுவே குட்டிக் கிருஷ்ணன், இன்னொரு பக்கம் நரசிம்மர். கண்ணில் நீர் தளும்பியிருக்க வேண்டிய இடம். எனக்குத் தளும்பியது வேறு. எழுநூறு வருடத்துத் தமிழன் கைவேலையை இருபது விநாடியில் பார்த்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று ஓடினேன்.

திரும்பி வந்தபோது அ கோ தூணடியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டிருந்தார்.